நீ பேசு, நான் நிறுத்துறேன்

2023 ஜூலை 3, திங்கள்

டாக்டர் முபீனா எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். எனக்கு நாட்குறிப்புப் பழக்கம் கிடையாது. முப்பத்தேழு வருடம் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்ததால் நேரம் குறிக்கும் பழக்கம் மட்டும் உண்டு.

அரசு மருத்துவமனையில் பல் பிரிவுக்கு அடுத்த சின்ன அறை. சிகரெட், பீடி, வெற்றிலைப் புகையிலையை விட நினைப்பவர்களுக்கு அங்கே வழி சொல்கிறார்கள். டாக்டருக்கு என் மகள் வயது இருக்கும்.

"ஒரு நாளைக்கு எத்தனை சார்?"

"பத்து இருக்கும்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி செண்பகவல்லி மின்விசிறியைப் பார்த்தாள். "பதினெட்டு, டாக்டர். குளியலறையில குடிக்கிறத இவுக கணக்குல சேக்க மாட்டாக."

ஒரு கருவியில் ஊதச் சொன்னார். இருபத்திரண்டு என்று காட்டியது. மூச்சில் இருக்கும் கரிப்புகை வாயுவாம். ஆறுக்குக் கீழே இருக்க வேண்டுமாம்.

"கடைசி சிகரெட்டை அணைச்ச இருபது நிமிஷத்துல இதயத் துடிப்பு இறங்க ஆரம்பிக்கும். ஒண்ணு ரெண்டு நாள்ல இந்த எண் இறங்கிடும். ரெண்டு மூணு மாசத்துல மூச்சு இலகுவாகும். ஒரு வருஷத்துல மாரடைப்பு ஆபத்து பாதியாக் குறையும்."

"அறுபத்தோரு வயசுக்கு மேலயுமா?"

"எந்த வயசுலயும் சார். இப்ப ஏன் விடணும்னு தோணுச்சு?"

மாடி ஏறினால் இரைக்கிறது என்றேன். அதுவும் உண்மைதான்.

சிகரெட்டை விடும் நாளாகப் பத்தாம் தேதியைக் குறித்துக் கொடுத்தார். அதற்குள் எப்போதெல்லாம் கை சிகரெட்டுக்குப் போகிறது என்று எழுத வேண்டும்.

ஜூலை 4, செவ்வாய்

6.05. 6.50. 7.30. 8.10. 9.00. பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

ஜூலை 6, வியாழன்

லூயிஸ் வீட்டுக்குப் போனேன். இரண்டு மாதமாகப் போகவில்லை. காரணம் ஏதாவது வந்துகொண்டே இருந்தது.

லூயிஸ் பர்னாந்து. என்னோடு ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவன், நான் ஜனவரியில், அவன் ஜூலையில். மார்ச் மாதம் மதுரையில் அவன் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். புற்றுநோய். இப்போது கழுத்தில் இருக்கும் துளை வழியாகத்தான் மூச்சு விடுகிறான். அதன்மேல் வெள்ளைத் துணி ஒன்று கட்டியிருக்கிறான். பேசுவதற்குப் பதில் பேத்தியின் பழைய சிலேட்டு.

நான் வந்ததும் அதில் எழுதிக் காட்டினான்: 'வழி தெரிஞ்சுதா?'

காபி கொண்டு வந்த அவன் மனைவி பிலோமினா என்னை அடுக்களைக்குக் கூப்பிட்டாள். "காத்த விழுங்கி, ஏப்பம் மாதிரி வெளிய விட்டு, அத வச்சே பேசலாமாம் அண்ணே. மதுரையில சொல்லிக் குடுத்தாங்க. வீட்டுல அந்தச் சத்தத்தக் கேட்டு பேத்தி சிரிச்சுட்டா. அன்னைலருந்து வாயத் தெறக்க மாட்டேங்காரு. நீங்க சொன்னாக் கேப்பாரு."

நான் சொன்னால் கேட்பான். அதுதான் பிரச்சினை.

திரும்பி வந்து அவன் எதிரில் உட்கார்ந்தேன். "ஏலே, திங்கக்கிழமை நான் சிகரெட்ட விடுதேன்."

சத்தமில்லாமல் சிரித்தான். தோள் மட்டும் குலுங்கியது. சிலேட்டில், 'எத்தனாவது தடவ?'

"இது நெசமாவே. நீ பேசு, நான் நிறுத்துறேன். நீ ஒரு நாள் பயிற்சிய விட்டா நான் ஒண்ணு பத்த வைப்பேன்."

பிறகு சிலேட்டைத் துடைத்துவிட்டு ஒரே ஒரு சொல் எழுதினான். 'சரி.'

ஜூலை 10, திங்கள்

முதல் நாள். செண்பகவல்லி என் சட்டைகள் அத்தனையையும் வாளியில் ஊற வைத்தாள். சாம்பல் கிண்ணத்தைத் தூக்கி எறியவில்லை, தேய்த்துக் கழுவிச் சிட்டுக்குருவிக்குத் தண்ணீர் வைத்தாள். டாக்டர் கொடுத்த மருந்து கலந்த சூயிங்கம் மிளகும் சோப்பும் சேர்ந்த ருசியில் இருக்கிறது.

எப்போது பழகினீர்கள் என்று டாக்டர் கேட்டிருந்தார். எழுதி வைக்கிறேன்: 1983. லூயிஸும் நானும் ஒரே சமயத்தில் பழகினோம்.

ஜூலை 13, வியாழன்

தேங்காய்ச் சட்டினியில் உப்பு கூடிவிட்டதென்று கத்தினேன். தட்டைத் தள்ளியதில் சட்டினி சுவரில் தெறித்தது. செண்பகவல்லி சுவரைத் துடைத்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, "நீங்க மனுசனாவுற வரைக்கும் நான் பார்க்குல இருக்கேன்" என்று போய்விட்டாள்.

நான்கு நாளாக வயிறு சரியாகப் போகவில்லை. தலைவலி. டாக்டருக்குப் போன் செய்தேன். மூன்றாம் நாள் நான்காம் நாள்தான் மோசமாம், தண்ணீர் நிறையக் குடித்து நடக்கச் சொன்னார். பார்க்குக்கு நடந்தேன். சிமென்ட் பெஞ்சில் பாதியை எனக்கு விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

ஜூலை 19, புதன்

மாலை நான்கு மணியைத்தான் தாண்ட முடியவில்லை. வேலை பார்த்த நாளில் லூயிஸுக்கும் எனக்கும் அது தேநீர் நேரம்.

வெளியூர் அழைப்புகளைச் சேர்த்துவிடும் அந்தப் பழைய டிரங்க் ஹாலை இப்போது யாருக்குச் சொன்னாலும் புரியாது. நீளமான பலகை, அதில் நூற்றுக்கணக்கான துளைகள், சொருக வேண்டிய கயிறுகள், காதில் இறுக்கும் ஹெட்போன். ஒருவர் வெளியூர் பேச வேண்டுமென்றால் எங்களிடம் பதிந்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருப்பார். சென்னைக்கு இரண்டு மணி நேரம், பம்பாய்க்கு அரை நாள். காத்திருப்பவரின் கோபம் முழுக்க எங்கள் காதில்தான் விழும்.

லூயிஸிடம் மட்டும் யாரும் கோபப்பட்டதில்லை. "ஒரு நிமிசம் பொறுங்கம்மா, லைன் கெடைச்சுரும்" என்பான். அந்தக் குரலுக்காகவே அரைமணி பொறுப்பார்கள். காயல்பட்டினத்து அம்மா ஒருவர் துபாயிலிருக்கும் மகனுக்குப் பதியும்போது, "அந்தச் சாந்தமான பிள்ளைட்ட குடுங்க" என்று கேட்டு வாங்குவார். அவர் மகளின் கல்யாணப் பத்திரிகைகூட 'டெலிபோன் லூயிஸ் தம்பி' என்று முகவரியிட்டு வந்தது. நாங்கள் இருவரும் போய்ப் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்தோம்.

நான்கு மணிக்குக் கயிறுகளை அடுத்த ஆளிடம் விட்டுவிட்டு எதிர்ப் பெட்டிக்கடைக்கு ஓடுவோம். ஆளுக்கொரு முந்திரி மக்ரூன் இனிப்பு, ஒரு டீ, ஒரு சிகரெட். பதினைந்து நிமிடம். கப்பல் சங்கு கேட்கும். அவன் புகையை விட்டுக்கொண்டே எங்கள் சூப்பர்வைசர் மாதிரிப் பேசிக் காட்டுவான். கடைக்காரர் சிரித்து டீயைக் கொட்டுவார். என் வாழ்க்கையில் அந்தப் பதினைந்து நிமிடங்களைப் போல இன்னொன்று இல்லை.

யார் முதலில் சிகரெட்டை நீட்டியது என்று இப்போது நினைவில்லை.

ஜூலை 20, வியாழன்

நினைவு இருக்கிறது.

ஜூலை 26, புதன்

மாதா கோயில் கொடியேற்றம். தெரு முழுக்கக் கூட்டம். லூயிஸ் வீட்டுக்குள் நுழையும்போதே வாசனைகள் முட்டின. பிலோமி வறுக்கும் சீலா மீன், வாசலில் மல்லிகைக்காரியின் கூடை, அதற்குள் புகுந்து வந்த சாம்பிராணி. நாற்பது வருடம் இவ்வளவும் எங்கே இருந்தன?

"மூக்கு திரும்பி வந்துட்டுடே" என்றேன். "மல்லியப்பூ வாசம் மண்டைய தூக்குது. ஒனக்கு?"

சொல்லி முடிக்கும் முன்பே தவறு தெரிந்தது. அவன் சிலேட்டில் நிதானமாக எழுதினான்: 'மூக்கு வழியா காத்தே போகல. வாசம் கெடையாது.' என் முகம் மாறியதைப் பார்த்திருக்க வேண்டும். கீழே இன்னொரு வரி சேர்த்தான். 'நீ சொல்லு. மீன் கருகுதா?'

"இல்ல. பதமா இருக்கு. கொஞ்சம் மொளகாத்தூள் கூட."

தலையாட்டினான். அடுக்களைப் பக்கம் திரும்பி, வாயைத் திறந்து காற்றை விழுங்கினான். தொண்டையிலிருந்து கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. "பா." மறுபடி விழுங்கினான். "பா." மூன்றாவது தடவை "பிலோ" என்று வந்தது.

அடுக்களையில் கரண்டி கீழே விழுந்தது.

ஆகஸ்ட் 2, புதன்

லூயிஸ் வீட்டுக்குப் போனேன். அவன் தூங்கிக்கொண்டிருந்தான். பிலோமி இறால் உரித்தபடி பேசிக்கொண்டிருந்தாள். சீக்கிரம் கிளம்பிவிட்டேன். கடற்கரைப் பக்கம் போய் வந்தேன். கிராம்பு வாங்கினேன்.

ஆகஸ்ட் 3, வியாழன்

எழுத ஒன்றுமில்லை. லேசான தலைவலி. தேர் பார்க்கச் செண்பகவல்லி கூப்பிட்டிருக்கிறாள். பார்க்கலாம்.

ஆகஸ்ட் 7, திங்கள்

ஒரு மாதச் சோதனை. கருவியில் ஊதினேன். பதினான்கு.

டாக்டர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கருவியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "என்னைக்குத் திரும்ப ஆரம்பிச்சீங்க?"

"ரெண்டாம் தேதி."

"என்ன நடந்துச்சு?"

வெளியே வரிசையில் ஆட்கள் இருந்தார்கள். ஆனாலும் சொன்னேன். அன்று பிலோமி இறாலை உரித்தபடி சொன்னது இதுதான்: "இந்தச் சனியன அவருக்கு எவன் பழக்கிவிட்டானோ, அவன் நல்லா இருப்பானா அண்ணே?" அவளுக்கு ஒன்றும் தெரியாது. என்னிடம் ஆறுதலுக்குச் சொன்னாள். நான் கடற்கரைக்குப் போய் இரண்டு பற்றவைத்தேன். மறுநாள் மூன்று. அதற்கப்புறம் எண்ணவில்லை.

"பழக்கிவிட்டது நீங்களா?"

தலையசைத்தேன்.

"முதல் தடவையிலேயே விட்டவங்க ரொம்பக் குறைவு சார். அஞ்சாறு தடவை விழுந்து எழுந்திருச்சுதான் நிறைய பேர் வெளிய வர்றாங்க. இருபத்தி மூணு நாள் குடிக்காம இருந்தது பொய்யாகிடாது. இன்னைக்குத் திரும்பத் தொடங்குங்க." பேனாவை மூடிவிட்டுச் சொன்னார். "இன்னொண்ணு. மனசுல வச்சிருக்கிறதுக்கு என்கிட்ட சூயிங்கம் இல்ல. அதை அவர்கிட்டதான் சொல்லணும்."

ஆகஸ்ட் 20, ஞாயிறு

பதின்மூன்றாம் நாள். செண்பகவல்லியிடம் சொன்னேன், விழுந்ததையும் எழுந்ததையும்.

துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். "சட்டைய மோந்தாலே தெரியாதா? நீங்களா சொல்லுவீயன்னு இருந்தேன்."

1983-ஐயும் சொன்னேன். மடிப்பதை நிறுத்திவிட்டாள்.

"நாப்பது வருசமா இத வச்சுக்கிட்டா இருந்தீய?"

"முன்னெல்லாம் பெருசாத் தோணல. மார்ச்சுக்கு அப்புறந்தான்."

"அதான் நடுவுல ரெண்டு மாசம் அந்த வீட்டுப் பக்கமே போகலையா?"

இந்த வீட்டில் எதையும் மறைக்க முடியாது.

செப்டம்பர் 10, ஞாயிறு

செண்பகவல்லியின் அண்ணன் வீட்டில் விசேஷம். மூன்றாவது மாடி, லிப்ட் வேலை செய்யவில்லை. நிற்காமல் ஏறினேன். மேலே போன பிறகுதான் கவனித்தேன், வழக்கமாக இரண்டாம் மாடிச் சன்னலில் தெருவை வேடிக்கை பார்ப்பதுபோல் நின்று இரைப்பேன். இன்று அந்தச் சன்னலையே பார்க்கவில்லை. காலை இருமலும் இல்லை. பந்தியில் ரசம் இரண்டு தடவை வாங்கினேன்.

லூயிஸ் இப்போது மூன்று நான்கு சொற்களைச் சேர்க்கிறான். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு தடவை காற்று விழுங்க வேண்டும். ஐந்து சொல் பேசினால் மூட்டை தூக்கியவன் மாதிரிக் களைத்துப்போகிறான். பேத்தி இப்போது சிரிப்பதில்லை, ஒரு சொல்லுக்கு ஒரு நட்சத்திரம் வரைந்து கொடுக்கிறாள்.

செப்டம்பர் 17, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

பிலோமி பூசைக்குப் போயிருந்தாள். லூயிஸும் நானும் மட்டும். சன்னல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். முதலில் கடற்கரையில் குடித்ததைச் சொன்னேன். கையை ஓங்கினான், விளையாட்டாக. பிறகு மற்றதைச் சொன்னேன்.

1983 ஜூலை கடைசி. கொழும்பில் கலவரம். இந்த ஊரில் பாதிக் குடும்பங்களுக்கு அங்கே கடை, உறவு, யாராவது ஒருவர். கொழும்புக்கு லைன் இல்லை. எங்கள் பலகையில் அழைப்பு விளக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் எரிந்தன. லூயிஸ் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. கணவன் கொழும்பில் இருந்த ஒரு பெண் இரண்டு நாளாக அவனிடமே பதிந்து, மணிக்கொரு தடவை கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் லைன் கிடைத்தது. அவன்தான் சேர்த்துவிட்டான். அந்தப் பக்கம் பேசியது அவள் கணவன் இல்லை. என்ன சொன்னார்கள் என்பதும், அதற்குப் பிறகு அவள் போட்ட சத்தமும், ஹெட்போன் வழியாக இவன் காதில் விழுந்தது.

நான்கு மணிக்குப் பெட்டிக்கடையில் டீ கிளாஸைப் பிடிக்க முடியாமல் அவன் கை நடுங்கியது. வேலையை விட்டுவிடுகிறேன் என்றான். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எனக்கும் இருபத்தொரு வயதுதான். ஒரு சிகரெட்டை எடுத்து அவன் கையில் வைத்தேன். "இழுல, சரியாப்போவும்."

"நாந்தான்டே குடுத்தேன்" என்றேன். "நீ வேண்டாம்னுதான் சொன்ன."

அவன் சன்னலுக்கு வெளியே பார்த்தான். சிலேட்டு மடியில் இருந்தது. எடுக்கவில்லை. கீழே வைத்தான். காற்றை விழுங்கினான்.

"ஏலே. நான். அதுக்கு. முந்தியே. குடிப்பேன்."

"என்னது?"

"பத்தாங். கிளாஸ்ல. இருந்து."

"அன்னைக்கு அப்படி இருமுனியே! கண்ணுல தண்ணி வந்துச்சே!"

விழுங்கினான். நெற்றியில் வியர்வை. "நடிப்பு."

நான் சிரித்தேன், அவனும் தோள் குலுங்கச் சிரித்தான், கழுத்துத் துணி எழும்பி அடங்கியது. சிரிப்பு எப்போது அழுகையானது என்று தெரியவில்லை. அவன் என் தொடையில் ஒரு தட்டுத் தட்டி, "போ. டீ. போடு" என்றான். போட்டேன். சர்க்கரை கூடிவிட்டது. குடித்தோம்.

வீட்டுக்கு நடந்து வரும் வழியில் பாதித் தூரம் மனசு பஞ்சு மாதிரி இருந்தது. பழைய துறைமுகத்துத் திருப்பத்தில் நின்றுவிட்டேன். அவனிடம் நான் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. அன்று அவன் சிகரெட்டைத் தலைகீழாக வாயில் வைத்தான். பஞ்சு முனையில் தீ வைக்கப் போனான். நான்தான் வாயிலிருந்து எடுத்துத் திருப்பி வைத்தேன்.

பத்தாம் வகுப்பிலிருந்து குடிப்பவன் அப்படி வைக்க மாட்டான்.

அவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த மூச்சில் அவன் பேசிய முதல் நீளமான பேச்சு ஒரு பொய். எனக்காகச் சொன்னது.

செப்டம்பர் 18, திங்கள்

ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். அவன் பொய்யை அவனிடம் உடைக்கப்போவதில்லை. அதற்குள் நான் ஒளிந்துகொள்ளவும் போவதில்லை.

செப்டம்பர் 21, வியாழன்

பிலோமி வாசலில் மீன்காரியிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். முடியும்வரை நின்றேன். உள்ளே போகும் முன் நடையிலேயே சொல்லிவிட்டேன். "நீ அன்னைக்குக் கேட்டியே, எவன் பழக்கிவிட்டானோன்னு. நாந்தாம்மா."

மீன் பாத்திரத்தை இடுப்பில் வைத்தபடி நின்றாள். நான் கொழும்பு லைனையும், அவன் கை நடுங்கியதையும், பெட்டிக்கடையையும் சொன்னேன். சொல்லும்போது எதுவும் சாக்காகிவிடக் கூடாதென்று பார்த்துப் பார்த்துச் சொன்னேன். லூயிஸ் ஞாயிற்றுக்கிழமை சொன்னதைச் சொல்லவில்லை.

அவள் அடுக்களைக்குப் போய்விட்டாள். அரிவாள்மணையில் மீன் அறுபடும் சத்தம் மட்டும் கேட்டது. கிளம்பிவிடலாம் என்று செருப்பை மாட்டினேன்.

"அண்ணே."

அடுக்களை வாசலில் நின்றிருந்தாள். கையில் செதில். கண் சிவந்திருந்தது.

"எனக்குக் கோவமா இருக்கு. இல்லன்னு சொல்ல மாட்டேன். கொஞ்ச நாளைக்கு இருக்கும்."

"இருக்கட்டும்மா."

"எங்க மாமி, அவரு அம்மா, ஒண்ணு சொல்லுவாங்க. வேலைல சேந்த புதுசுல, என்னால முடியல, ஓடி வந்துருதேன்னு அவரு வீட்டுக்குக் கடுதாசி போட்டாராம். மாமி பெட்டி படுக்கையோட வருவாருன்னு வாசல்லயே இருந்திருக்காங்க. வரல. ஏன் வரலன்னு கேட்டதுக்கு, அங்க ஒருத்தன் கூட நிக்கான்மா, பாத்துக்கிடலாம்னு சொன்னாராம்." புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அந்த ஒருத்தன் யாருன்னு நான் இன்னைக்கு வரைக்கும் கேட்டதில்ல."

உள் அறையிலிருந்து கரகரவென்று ஒரு சத்தம் கேட்டது. நடுவில் நிறுத்தி, விழுங்கி, மறுபடி கேட்டது.

"பிலோ. யாரு. வாசல்ல?"

"ஒங்க ஆளுதான்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "நின்னுட்டே இருக்கீயளே. உள்ள போங்க. பேசிப் பழக அவருக்கு ஆள் வேணும்" என்றாள்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். மணி 4.00.